ஃபார்மர்லி என்ற சொல்

"டீச்சர், ஃபார்மர்லின்னா என்ன?"

கேட்டவர் வியாகப்பன். அறுபத்தோரு வயது. கடலோர ஊர் ஒன்றின் மீனவர் சங்கத் தலைவர். முப்பது வருடம் கோஷம் போட்டே தொண்டை கரகரத்துப் போன மனிதர். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடத் துண்டறிக்கைகளில் படித்தது அதிகம்.

இங்கிலீஷ் காகிதத்தைக் காட்டி இனி எவனும் தன்னை ஏமாற்றக் கூடாது என்ற வீம்பு அவருக்கு. அதனால் தன்னைவிட இருபது வயது இளைய சலேத் டீச்சரிடம் ஒரு வருடமாகப் பாடம் கேட்டுவந்தார்.

டீச்சர் அவருடைய கிழிந்த வலையை நூல் கோத்துப் பொத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதுல இருக்கு அந்தச் சொல்?"

அவர் காகிதத்தை நீட்டினார். ஊர்க் கடற்கரை மணலில் கார் நிறுத்துமிடம் கட்டப்போகிறார்கள். 'ஃபார்மர்லி வலை காயப்போட்ட இடம்' என்று அதில் எழுதியிருந்தது. நாளைக் காலை அதிகாரி வருவார். சங்கத்தின் கையெழுத்தை வாங்கிப்போவார்.

"முன்னே ஒரு காலத்துலன்னு அர்த்தம், அண்ணே. இப்ப இல்லைங்கிறதையும் அதுவே சொல்லிடும்."

"பச்சைப் பொய்! நேத்துகூட என் வலை அங்கதான் காஞ்சது. பதிலுக்கு ஒரு வார்த்தை கொடுங்க டீச்சர். நெருப்பு மாதிரி வார்த்தை. அவன் மூஞ்சியில வீசுறேன்."

"அதிகாரி இடம் பார்க்க வந்தாரே, அன்னிக்கு மணல்ல என்ன இருந்துச்சு?"

வியாகப்பன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஒரு தூசி இல்லையே! வலை, கயிறு, கூடை எல்லாத்தையும் அள்ளிக் கோயில் பின்னாடி போட்டோம். பொம்பளைங்க விளக்குமாறு எடுத்துப் பெருக்குனாங்க. மணல் அப்படியே மின்னுச்சு. அவரே பாராட்டினாருன்னா பாருங்க."

"பெருக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

சொல்லிவிட்டுக் காகிதத்தை மறுபடி பார்த்தார்.

அதிகாரி வந்தால் வாசலைப் பெருக்கு என்று இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் ஜீப் சத்தம் கேட்டதும் நம் கை விளக்குமாற்றைத் தேடுகிறது. வெள்ளைக்காரன் போய்விட்டான். விளக்குமாறு போகவில்லை.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப என்ன எழுதட்டும்?"

டீச்சர் நூலைக் கடித்து அறுத்தாள். வலையைச் சுருட்டி அவர் தோளில் போட்டாள்.

"பொத்தியாச்சு. மணல்ல விரிச்சுட்டு வாங்க."

"இங்கிலீஷ் கேட்டா வலையைக் கொடுக்குறீங்களே!"

"இன்னிக்குப் பாடம் அவ்வளவுதான், அண்ணே."

சங்கத் தலைவனைச் சுமை தூக்க வைக்கிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். மணலில் வலையை உதறினார். ஒரு முனையை இழுத்தார். மறு முனைக்கு நடந்தார்.

பாதி விரித்தவர் அப்படியே நின்றார்.

பிறகு ஊருக்குள் திரும்பி, வீடு வீடாகக் கதவைத் தட்டினார்.

காலையில் ஜீப் வந்தது.

மணலில் கால் வைக்க இடமில்லை. நாற்பது வீட்டு வலைகளும் விரிந்து கிடந்தன. நடுநடுவே நெத்திலி காய்ந்தது. கூடையும் கத்தியுமாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை.

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு, தூரத்திலிருந்தே காகிதத்தை ஆட்டினார்.

"தலைவரே, கையெழுத்து!"

"இங்க வாங்க சார், பேசுவோம்."

"எப்படி வர்றது? முதல்ல இந்த வலையை எல்லாம் எடுக்கச் சொல்லுங்க!"

வலைகளுக்கு நடுவே சம்மணமிட்டிருந்த வியாகப்பன் சிரித்தார்.

"இப்பச் சொன்னீங்களே, அதை அப்படியே அந்தக் காகிதத்துல எழுதிக் கொடுங்க சார். இன்னிக்குத் தேதி போட்டு."