பன்னிரண்டு மணிக் கட்டம்

அவரை யாரும் குரு என்று கூப்பிட்டதில்லை. சீஃப் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத்தின் இரண்டாவது யூனிட்டுக்குத் தலைவர். பெயர் டாக்டர் சுடலைமுத்து. அவருக்குக் கீழே எம்.டி. படித்துக்கொண்டே வார்டையும் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பி.ஜி.க்கள். சீடர்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்க நேரம் இருந்தால்.

அவர்களில் இரண்டாம் ஆண்டு படிப்பவள் ஜெசிந்தா.

ஐப்பசி மாதம், டெங்கு சீசன். பெண்கள் வார்டில் முப்பது கட்டிலுக்கு அறுபத்துநான்கு பேர். மீதிப் பேர் கட்டிலுக்குக் கீழே பாயில் கிடந்தார்கள்.

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாள்தான் ஆபத்தான நாள். வீட்டுக்காரர்கள் அப்பாடா என்று உட்காரும் நேரத்தில் ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் இறங்கும். அதனால் மணிக்கு ஒருமுறை பிபி பார்த்து எழுத வேண்டும். கேஸ் ஷீட்டில் மணிக்கு ஒரு கட்டம் போட்டிருக்கும்.

செவ்வாய்க்கிழமை பகலில் சீஃப் ரவுண்ட்ஸ் வந்தார். பதினேழாம் கட்டிலில் பேச்சியம்மாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவள், முப்பத்தொரு வயது. சீஃப் கேஸ் ஷீட்டை எடுத்தார். பத்து மணிக் கட்டத்தில் 110/70. பதினொரு மணிக் கட்டத்தில் 110/70. பன்னிரண்டு மணிக் கட்டத்தில் 110/70.

சீஃப் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஆக இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

பேச்சியம்மாளின் கையைத் தொட்டார். ஜில்லென்று இருந்தது. அவரே பிபி பார்த்தார். மேல் அளவு எண்பதைத் தாண்டவில்லை.

அதன் பிறகு எல்லோரும் ஓடினார்கள். இரண்டு கையிலும் டிரிப்ஸ் ஏற்றி, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஐ.சி.யு.வுக்குப் போனார்கள். ஐ.சி.யு. வாசலில் பேச்சியம்மாளின் அக்கா மாரித்தாய் ஜெசிந்தாவை மறித்தாள்.

"மூணு தடவ வந்து சொன்னேன். கை ஜில்லுன்னு கெடக்கு, வந்து பாருங்கன்னு. பாக்குறேம்மா, போங்கம்மான்னே. காலையில சாப்பிடாம நிக்கியேன்னு ரெண்டு இட்லி குடுத்தேன்ல? அத வாங்கித் தின்னேல்ல?"

ஜெசிந்தா இட்லி வாங்கித் தின்றது உண்மை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வார்டுக்குள் வந்தவள் அவள். அதன்பின் வெளியே போகவில்லை, குளிக்கவில்லை. அந்த இட்லிக்கு முன்னால் எப்போது சாப்பிட்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

வியாழக்கிழமை டீன் கூப்பிட்டார்.

"பாக்காமயே பிபி எழுதியிருக்கீங்க. இது ஒழுக்கக்கேடு. இப்படிப்பட்டவங்க டாக்டர் ஆகவே கூடாது. திங்கட்கிழமை விசாரணை. விளக்கம் எழுதிக் கொண்டுவாங்க."

அன்று மதியமே மாணவர் நலக் கவுன்சலிங் மேடமும் கூப்பிட்டார். இந்த மேடம்தான் போன மாதம் மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி என்று பி.ஜி.க்களுக்கு வகுப்பு எடுத்தவர். கட்டாய வகுப்பு. முப்பது மணி நேர டூட்டி முடித்தவர்களை அறைக்குப் போக விடாமல் உட்கார வைத்து, வருகைப் பதிவும் எடுத்தார்கள். கண்ணை மூடுங்கள் என்று மேடம் சொன்னதும் பாதிப் பேர் குறட்டை விட்டார்கள். நல்ல பலன் தெரிகிறது என்று மேடம் அறிக்கையில் எழுதினார்.

"உன் மேல தப்பே இல்லம்மா," என்றார் மேடம். "நீ களைச்சுப் போயிட்ட, அவ்வளவுதான். உன்னை நீயே மன்னிச்சிடு."

ஜெசிந்தாவுக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். பிழைத்துக்கொண்டாள். செய்தி கேட்டதும் ஜெசிந்தா மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே சீஃப் அறைக்குப் போனாள்.

"சார், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"டீன் சார் என்னைக் கெட்டவங்கறார். கவுன்சலிங் மேடம் நீ களைச்சவ, தப்பே இல்லங்கறாங்க. நீங்க சொல்லுங்க. நான் கெட்டவளா, களைச்சவளா?"

சீஃப் நாற்காலியில் சாய்ந்தார். "நாங்கல்லாம் பி.ஜி. படிக்கறப்ப..." என்று ஆரம்பித்தார். அந்தக் காலத்து டாக்டர்கள் எல்லோரும் நான்கு நாள் தூங்காமல், பச்சைத் தண்ணீர் குடித்து, ஒரு தப்பும் செய்யாமல் ஆயிரம் உயிரைக் காப்பாற்றியவர்கள். ஒருத்தர்கூட விதிவிலக்கு கிடையாது.

கதை முடியும்வரை ஜெசிந்தா நின்றாள்.

"சார், நான் கேட்டது அது இல்ல."

சீஃப் அவளை ஒரு கணம் பார்த்தார். மேசை டிராயரைத் திறந்து எழுதாத கேஸ் ஷீட் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பன்னிரண்டு மணிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது இப்படிக் காலியா இருந்துச்சுன்னு வச்சுக்கோ. நான் ரவுண்ட்ஸ் வர்றேன். என்ன பண்ணியிருப்பேன்?"

"எல்லார் முன்னாலயும் கத்தியிருப்பீங்க."

"அப்புறம்?"

"கேஸ் ஷீட்டைத் தூக்கி எறிஞ்சிருப்பீங்க."

"அப்புறம்?"

ஜெசிந்தா அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "பிபி பாத்திருப்பீங்க."

"நான் வர்ற வரைக்கும்கூட வேண்டாம். பத்து மணிக் கட்டம் காலியா இருந்திருந்தா டூட்டி சிஸ்டரே பாத்திருப்பாங்க. நீ அதை நிரப்பி வச்சிட்ட. யாரும் அந்தப் பக்கம் திரும்பல." சீஃப் கேஸ் ஷீட்டை மடித்தார். "பாக்காதது களைப்பு. பாத்ததா எழுதினது நீ."

இந்த மாதிரிக் கதைகள் வழக்கமாக இங்கேதான் முடியும். கேட்டவர் தலைகுனிந்து, வணங்கிவிட்டு வெளியே போவார். சொன்னவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கதை எழுதுகிறவர்களுக்கும் அதுதான் சௌகரியம்.

ஜெசிந்தா போகவில்லை.

"சரி சார். ஒத்துக்கறேன். எழுதினது நான்தான்." வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். "இதை எழுதினது யாரு?"

இரண்டுமே அந்த வாரத்து டூட்டி லிஸ்ட். ஒன்று வார்டுச் சுவரில் ஒட்டியிருந்தது, பென்சிலில் எழுதியது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்றுக்கும் நேரே ஜெசிந்தா என்று இருந்தது. இன்னொன்று டைப் அடித்தது. விசாரணைக் கடிதத்தோடு ஆபீஸிலிருந்து இணைத்து அனுப்பியது. அதில் யாருக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை. எல்லோருக்கும் வாரம் ஒருநாள் ஓய்வு உண்டு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் பார்க்கிற ஆஸ்பத்திரி அது. அங்கே வேலை பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது.

அதன் அடியில் பச்சை மசியில் சுடலைமுத்து என்று கையெழுத்து இருந்தது.

"செவ்வாய்க்கிழமைக்கு நேரே பாருங்க சார். எனக்கு வார ஓய்வுன்னு போட்டிருக்கு. இதுப்படி பாத்தா அன்னைக்கு நான் ஆஸ்பத்திரியிலயே இல்ல. அறையில தூங்கிட்டு இருந்திருக்கேன். சாப்பிட்டிருக்கேன். துணி துவைச்சிருக்கேன். என் ரூம்மேட் நிவேதா இதைப் பாத்துட்டுக் கையைத் தட்டினா சார். தப்பிச்சடி, இதை நீட்டு, அந்த பிபியை எழுதினது யாருன்னு அவங்களே தேடிக்கட்டும்ங்கறா."

சீஃப் தாளைத் தொடவில்லை.

"நீட்டப் போறியா?"

"நீட்டினா வெளிய வந்துடலாம். யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. கேட்டா உங்க கையெழுத்துப் பொய்னு அவங்களே சொல்லணும்."

"அதான் கேக்கறேன். நீட்டப் போறியா?"

"எனக்கு அசிங்கமா இருக்கு சார்!" ஜெசிந்தா கத்திவிட்டாள். அந்த அறையில் யாரும் கத்தியதில்லை, சீஃபைத் தவிர. "ஒரு பொய்ய எழுதினேன், ஒரு பொம்பளை சாகப் பாத்தா. அதுல இருந்து தப்பிக்க உங்க பொய்யில போயி ஒளியவா? வாரா வாரம் இதுல கையெழுத்துப் போடுறீங்க. அடுத்த நாள் காலையில எங்களை வரிசையா நிக்க வச்சு, டாக்டர்னா நேர்மை வேணும்னு பாடம் எடுக்கறீங்க. நாங்க அதை எங்க சார் பாத்துக் கத்துக்கிறது?"

வெளியே அட்டெண்டர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

ஜெசிந்தா பென்சில் லிஸ்ட்டையும் டைப் அடித்த லிஸ்ட்டையும் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை அவள் ஐ.சி.யு. வாசலுக்குப் போனாள். மாரித்தாய் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தாவும் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் பாக்கல. பாத்ததா எழுதிட்டேன்."

மாரித்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மன்னிக்கிற முகமாக அது இல்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள். "கட்டில் பக்கத்துலயே நின்னேனே, எனக்குத் தெரியாதா? பெரிய டாக்டருங்ககிட்டயும் இதையே சொல்லு."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. யூனிட் தலைவர் என்பதால் சீஃபும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். விசாரிக்க டீன், வேறு துறைத் தலைவர்கள் இரண்டு பேர், குறிப்பு எழுத ஒருவர். பேச்சு ஏற்கெனவே முடிந்துவிட்டது என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. ஜெசிந்தாவை ஆறு மாதம் நிறுத்திவைப்பது. வருகிற பரீட்சை போச்சு. நன்னடத்தைச் சான்றிதழில் ஒரு வரி ஏறும். அந்த வரி அவள் எங்கே வேலைக்குப் போனாலும் கூடவே போகும்.

டீன் ஃபைலைத் திறந்தார். டைப் அடித்த லிஸ்ட் மேலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் நெற்றி சுருங்கியது.

"செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஆஃப்னு போட்டிருக்கே?"

நிவேதா சொன்ன வாசல் திறந்தே கிடந்தது. ஒரு ஆமாம் போதும்.

"நான் வார்டுலதான் இருந்தேன் சார்," என்றாள் ஜெசிந்தா. "பத்து, பதினொண்ணு, பன்னண்டு மணி பிபியை நான்தான் எழுதினேன். மூணையும் பாக்காம எழுதினேன்."

"அப்ப இந்த லிஸ்ட்?"

அவள் சீஃபைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சீஃப் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்து, டைப் அடித்த லிஸ்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பென்சில் லிஸ்ட்.

"இதுதான் நிஜம் சார். டைப் அடிச்சது நான் போட்ட பொய். அவ நோயாளியப் பாக்காம பிபி எழுதினா. நான் அவளைப் பாக்காம அதை எழுதினேன். மூணு வருஷமா, வாரா வாரம்." அவர் நிறுத்தினார். "அவளுக்கு ஆறு மாசம்னா எனக்கு எவ்வளவுன்னு இப்பவே சொல்லிடுங்க. ரெண்டையும் சேத்து எழுதட்டும்."

குறிப்பு எழுதுகிறவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

டீன் பென்சில் லிஸ்ட்டை அவசரமாகக் கவிழ்த்து வைத்தார். இதே மாதிரி லிஸ்ட் எல்லாத் துறையிலும் உண்டு. பக்கத்தில் இருந்த இரண்டு தலைவர்களும் கூரை மின்விசிறியைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். டீனின் குரல் இப்போது வெண்ணெயாக இருந்தது.

"சார், உட்காருங்க. சீசன் நேரம், உங்களுக்கும் எவ்வளவு ஸ்ட்ரெஸ். ஏதோ களைப்புல கையெழுத்து விழுந்திருக்கும். அதையெல்லாம் இங்க பெரிசு பண்ண வேண்டாம். வேணும்னா கவுன்சலிங் மேடம்கிட்ட ஒரு வார்த்தை..."

ஜெசிந்தா அப்போதுதான் நிமிர்ந்தாள். சீஃப் அவளைப் பார்த்தபடியே டீனுக்குப் பதில் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை மதியம் வீட்டுல மீன்குழம்பு சார். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் தூங்கினேன். எந்திரிச்சு, காப்பி குடிச்சிட்டுத்தான் அதுல கையெழுத்துப் போட்டேன். எனக்குக் களைப்பே இல்ல."