பவளம் உண்ணவில்லை

பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டமான பாட்டாக இருந்திருந்தால் இத்தனை பேர் ஏமாந்திருக்க மாட்டார்கள், எனக்கும் இவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்காது.

பாடியவர் ஜமீன்தார் மகுடபதி. செத்துப்போன மனைவி பவளத்தின் மேல் பாடியது. அதை எழுத்தெழுத்தாகத் திருத்திக் கொடுத்தவர் வைத்தியலிங்கம், ஆற்றங்கரை மடத்தில் தமிழ் படித்துக்கொண்டிருந்தவர்.

அந்த மடத்துக்கு ஆசிரியர் ஆவுடையம்மை. அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மாணவர் வைத்தியலிங்கத்துக்கோ அறுபது தாண்டிவிட்டது. ஜமீன் கச்சேரியில் உத்தியோகம் பார்த்து ஓய்ந்தபிறகு படிக்க வந்த மனிதர். புதிதாக வருகிறவர்கள் தாடியைப் பார்த்து அவர் காலில்தான் விழுவார்கள். "குரு நானில்லீங்க. அதோ, அரிசி களையறாங்க பாருங்க" என்று கை காட்டுவார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. யார் புதிதாகப் பாட்டுக் கட்டினாலும் மடத்துப் பந்தலில் படித்து அரங்கேற்ற வேண்டும். சபையில் யாரும் தடை சொல்லலாம். தடைக்குப் பாடியவர் விடை சொல்ல வேண்டும். எல்லாம் தீர்ந்து ஆவுடையம்மை "ஏற்றோம்" என்றால்தான் பாட்டு. இல்லாவிட்டால் ஓலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஜமீன்தார் அரங்கேற்றத்துக்குக் குறித்த நாளிலேயே, அதே பந்தலில், தன் இரண்டாம் கல்யாணத்துக்கும் தாம்பூலம் மாற்ற ஏற்பாடு செய்திருந்தார். பெண், எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த சிற்றம்பலத்தின் மகள் கனகம். சிற்றம்பலம் முதலில் இழுத்தடித்தார். முதல் மனைவி போன விதம் பற்றி ஊரில் ஒரு முணுமுணுப்பு இருந்ததே, அதனால். முணுமுணுப்புக்கு ஜமீன்தார் கொடுத்த பதில்தான் இந்தப் பாட்டு. "மடம் ஏத்துக்கிட்டா எனக்கும் சம்மதம்" என்று சொல்லிவிட்டார் சிற்றம்பலம். பாவம், அவருக்குப் படிக்கத் தெரியாது. படித்தவர்களை நம்பினார்.

அன்று காலை, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆவுடையம்மையிடம் வைத்தியலிங்கம் வந்தார்.

"பாட்டைப் பார்த்தீங்களா அம்மா?"

"பார்த்தேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் அழுதுட்டேம்மா, சத்தியமா. மனுஷன் பொண்டாட்டி மேல உயிரையே வெச்சிருந்திருக்கார்!"

"எந்த இடத்துல அழுதீங்க?"

வைத்தியலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"உண்ணென்று நான்சொன்னால் உண்பாளே என்பவளம்;
சொல்லாமல் வேட்டைசென்றேன், உண்ணவில்லை என்பவளம்."

"இதுக்கா அழுதீங்க?"

"என்ன பதிபக்தி அம்மா! இந்தக் காலத்துல யார் இருக்கா இப்படி?"

"வேட்டைக்குப் போனவர் எப்பத் திரும்பினார்?"

"அது பாட்டுல இல்லையே."

"நீங்க அப்போ கச்சேரியில இருந்தவர்தானே?"

வைத்தியலிங்கம் தாடியைத் தடவினார். "ஏழெட்டு நாள் ஆச்சு. சமையல்காரம்மா காலைப் பிடிச்சுக் கெஞ்சினாங்களாம். 'அவர் சொல்லலையே, சாப்பிட்டா கொன்னுடுவாரே'ன்னு அந்தம்மா தட்டைத் தள்ளிட்டாங்களாம். ஏற்கெனவே நோஞ்சான் உடம்பு. அவர் வந்து ரெண்டு நாள்ல போயிட்டாங்க."

"எதுக்கு அப்படி ஒரு உத்தரவு?"

"அந்தம்மாவுக்கு ஒரு பழக்கம். யாரைப் பார்த்தாலும் 'சாப்பிட்டியா?'ன்னு கேப்பாங்க. பூக்காரி, பல்லக்குத் தூக்கறவன், மாடு மேய்க்கிறவன், எல்லாரையும். ஜமீன்தாருக்கு அது பொறுக்கல. தன்னைக் கேக்கிற அதே குரல்ல ஊரையும் கேக்கறாளேன்னு. அதுவும் பாட்டுல இருக்கும்மா. அந்த இடம் ரொம்ப நல்லா வந்திருக்கு."

நல்லா வந்திருக்காம்! கேட்டீர்களா?

ஆவுடையம்மை முறத்தைத் தூக்கித் தரையில் போட்டார். "ஒருத்தி சோறில்லாமச் செத்திருக்கா. நீங்க மோனை பார்த்திருக்கீங்க!"

வைத்தியலிங்கம் எழுத்தாணியை எடுத்தார். "எங்கே பிழைன்னு சொல்லுங்கம்மா. திருத்திடறேன்."

"சபையில சொல்றேன்."

"மடத்து நெல்லு அவர் வயல்லேருந்துதான் வருது. ஞாபகம் இருக்கட்டும்மா."

"இருக்கு. ஒவ்வொரு பிடிக்கும் இருக்கு."

பந்தலில் எள் போட இடமில்லை. ஒரு பக்கம் தாம்பூலத் தட்டுகள். பெண்கள் பக்கத்தில் கனகம் பட்டுப்புடவையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தட்டு மாற்றும் வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று ஜமீன்தார் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வைத்தியலிங்கத்துக்கு நல்ல குரல். படிக்கப் படிக்க ஆண்கள் மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். ஜமீன்தார் மீசையை நீவியபடி தன் பாட்டைத் தானே ரசித்தார். வைத்தியலிங்கம் படித்து முடித்ததும் அவர் எழுந்து நின்றார்.

"தடை உண்டா?"

"ஒண்ணு இருக்கு" என்றார் ஆவுடையம்மை. "இவ்வளவு பெரிய பாட்டுல அந்தம்மா தனக்குன்னு ஒரு வார்த்தை பேசலையே, ஏன்?"

ஜமீன்தார் சிரித்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"பேச வேண்டிய அவசியமே இல்லாம வெச்சிருந்தேன் அம்மணி. எந்தப் புடவைன்னு நான் சொல்வேன். எந்த ஜன்னல் திறக்கலாம்னு நான் சொல்வேன். ஆரம்பத்துல கொஞ்சம் விவரம் பத்தலை அவளுக்கு. ஊரையெல்லாம் விசாரிப்பா. மாட்டுக்காரனுக்கும் அதே குரல், எனக்கும் அதே குரல்! எந்த ஆம்பளை சகிப்பான்? அடிக்கலை, வையலை. ஒரு தடவைதான் சொன்னேன். 'இனிமே யாரையும் கேக்காதே. நான் சொன்னாத்தான் நீயே சாப்பிடணும்.' புரிஞ்சுக்கிட்டா. கெட்டிக்காரி. அப்புறம் அவ குரலே வெளியில வரலை. அப்படி ஒரு ஒற்றுமை எங்களுக்குள்ள."

சபையில் சிலர் "ஆஹா" என்றார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அவர்களுடைய பேரன்கள் நல்லவர்கள்.

ஆவுடையம்மை மாணவர் பக்கம் திரும்பினார். "ஐயா, கடைசிப் பகுதியை இன்னொரு தடவை படிங்க."

வைத்தியலிங்கம் சுவடியை எடுத்தார்.

"பவளம்னு வர்ற இடத்துல எல்லாம் கனகம்னு படிங்க."

பந்தல் சலசலத்தது. ஜமீன்தாரின் முகம் சிவந்தது. "என்ன விளையாட்டு இது?"

"தடை சொல்ல சபைக்கு உரிமை இருக்கு. விடையை உங்க பாட்டே சொல்லட்டும். படிங்க ஐயா."

வைத்தியலிங்கம் ஜமீன்தாரைப் பார்த்தார். ஆசிரியரைப் பார்த்தார். பிறகு படித்தார்.

"பூக்காரி வந்தாலும் உண்டாயா என்பாள் கனகம்;
பல்லக்குத் தூக்கியையும் உண்டாயா என்பாள் கனகம்."

பெண்கள் பக்கத்தில் கனகத்தின் தலை நிமிர்ந்தது.

"பேசாத பதுமையென ஆனாளே என்கனகம்;
ஊரெல்லாம் மறந்தெனக்கே ஆனாளே என்கனகம்."

சிற்றம்பலம் உட்கார்ந்த இடத்திலேயே நெளிந்தார். சற்றுமுன் இதே வரிக்குத்தான் அவர் கண்ணைத் துடைத்திருந்தார்.

"உண்ணென்று நான்சொன்னால் உண்பாளே என்கனகம்;
சொல்லாமல் வேட்டைசென்றேன், உண்ணவில்லை என்..."

வைத்தியலிங்கத்தால் அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. இந்த முறை அவர் அழவில்லை. சுவடியை மூடிவிட்டார்.

கனகம் எழுந்து நின்றாள். அத்தனை ஆண்களுக்கு நடுவில், நல்ல சத்தமாகச் சொன்னாள்.

"அப்பா, எனக்குப் பசிக்குது. வீட்டுக்குப் போலாம்."

"ஏய், உக்காரு!" என்றார் ஜமீன்தார். இன்னும் தாலிகூட ஏறவில்லை, அதற்குள் உக்காராம்!

சிற்றம்பலம் போய்த் தன் தட்டை எடுத்துக்கொண்டார். "வா தாயி" என்றார் மகளிடம். ஜமீன்தாரைத் திரும்பிப் பார்க்காமலே நடந்தார். பின்னாலேயே பெண்கள் எல்லாரும் எழுந்து போனார்கள்.

"அது என் செத்த பொண்டாட்டி மேல பாடினது!" என்று கத்தினார் ஜமீன்தார். "இந்த மடத்து அடுப்பு எப்படி எரியுதுன்னு பார்க்கிறேன்!"

"பாருங்க" என்றார் ஆவுடையம்மை.

"ஏற்றோம்" என்ற சொல் அன்று சொல்லப்படவில்லை. ஜமீன்தார் போனபிறகு, ஆஹா சொன்னவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

வைத்தியலிங்கம் மட்டும் சுவடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, நாளைக்கு ஊர்ல என்னைத்தான் கேப்பாங்க. பிழையில்லாத பாட்டை மடம் ஏன் தள்ளிச்சுன்னு. நானும் தேடித் தேடிப் பார்க்கறேன். பேரை மாத்திப் படிச்சப்பகூட ஒரு இடத்துல இடிக்கலையே. அவ்வளவு வழவழன்னு போச்சே. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"அதையே சொல்லுங்க ஐயா. பவளம்னு ஒருத்தி அந்தப் பாட்டுக்குள்ள இருந்திருந்தா, இடிச்சிருக்கும்."