மைனர் காட்டுக்குப் போன கதை

ஒரு மலையில ஒரு தேயிலைத் தோட்டம். அந்தத் தோட்டத்துக் கடைசியில, காடு தொடங்குற இடத்துல, ஒரே ஒரு வீடு. அன்னிக்கு அந்த வீட்டுல யார் யார் இருந்தாங்க தெரியுமா? விரலை மடக்கு. ஆண்டியப்பன் ஒண்ணு, அவன் பொண்டாட்டி ராசாமணி ஒண்ணு, வெள்ளாடு ஒண்ணு, அதோட குட்டி ரெண்டு, கோழி மூணு, அப்புறம் மைனர் ஒண்ணு. எத்தனை ஆச்சு?

"ஒம்போது."

சரியா சொல்லிட்ட. மைனர்ங்கிறது யாரு? நாய்! கழுத்துல சிவப்பு ரிப்பன். ஞாயித்துக்கிழமை ஆனா சோப்புப் போட்டுக் குளியல். அடுப்பு ஓரத்துல ஆண்டியப்பனோட பழைய ஸ்வெட்டர்தான் மெத்தை. இட்லியைத் தனியா வெச்சா திரும்பிக்கூடப் பார்க்காது, மேல சாம்பார் ஊத்தணும். சோறு ஆனதும் ராசாமணி 'டப் டப்'னு ரெண்டு தட்டு கை தட்டுவா. எங்க இருந்தாலும் லொங்கு லொங்குன்னு ஓடி வந்துடும். இந்தக் கைதட்டலை ஞாபகம் வெச்சுக்கோ. ம் சொல்லு.

"ம்."

அந்த மலையில ஒரு வழக்கம் இருந்துச்சு. காட்டுல செந்நாய்க் கூட்டம் மானைப் பிடிச்சா, மேல காக்கா வட்டம் போடும். அதைப் பார்த்துட்டு ஜனங்க போய் 'டப் டப்'னு கை தட்டுவாங்க. செந்நாய்ங்க கூச்சப்பட்டுப் புதருக்குள்ள ஒதுங்கிடும். ஜனங்க கறியை எடுத்துக்கிட்டு, ஒரு காலை மட்டும் அதுங்களுக்கு விட்டுட்டு வருவாங்க.

"ஒரு காலா? பிடிச்சது அதுங்கதானே?"

அதைத்தான் அதுங்களும் புதருக்குள்ள உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்துச்சுங்க.

அப்புறம் ஒரு நாள், ராசாமணி காய வெச்சிருந்த கருவாட்டை மைனர் நறுக் நறுக்னு தின்னுடுச்சு. அவளுக்கு வந்துச்சு பாரு கோவம்!

"ஏன்டா, தின்னு தின்னு தூங்குறியே, ஒரு நாளாவது நீயா சம்பாதிச்சு ஒரு துண்டு எலும்பு கொண்டாந்திருக்கியாடா? காட்டுல போய்ப் பொழைச்சுப் பாரு, அப்பத் தெரியும்!"

மைனருக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. அந்த நேரம் பார்த்து காட்டுக்குள்ள இருந்து ஒரு சத்தம். 'உய்ய்ய்... உய்ய்ய்...' செந்நாய் குலைக்காது கண்ணு, விசில்தான் அடிக்கும். அதைக் கேட்டதும் மைனருக்கு முதுகு முடியெல்லாம் சிலிர்த்துக்கிச்சு. காது ரெண்டும் விறைச்சு நின்னுச்சு. நானே சம்பாதிச்சுக் காட்டுறேன்னு சரசரன்னு காட்டுக்குள்ள பூந்துடுச்சு.

உள்ள ஏழு செந்நாய். தலைவி பாதி வால் கிழவி.

"யாருடா நீ, ரிப்பன் கட்டிக்கிட்டு?"

"மைனருங்க. உங்க கூட்டத்துல சேரணும்."

ஏழும் ஒண்ணை ஒண்ணு பார்த்துச் சிரிச்சுதுங்க. கிழவி சொல்லுச்சு, "மூணு சோதனை வெப்பேன். ஒண்ணுலயாவது ஜெயிக்கணும். இல்லைன்னா வந்த வழியே போயிடணும். எங்க விசில் அடி, பார்க்கலாம்."

மைனர் மூச்சை இழுத்துச்சு. வாயைக் குவிச்சுது. 'புஸ்ஸ்ஸ்...' காத்துதான் வந்துச்சு. இன்னும் இழுத்துச்சு. 'வள்!' மரத்துல இருந்த குரங்கெல்லாம் அலறிக்கிட்டு ஓடுச்சுங்க. ஒண்ணு போச்சா?

"ம்."

அப்புறம் மழை. சடசடசடன்னு கொட்டுது. "இந்த ஈரத்துல படுத்துத் தூங்கு"ன்னுச்சு கிழவி. மைனர் சுத்திச் சுத்திப் பார்த்துச்சு. "என் ஸ்வெட்டர் எங்க?"ன்னு கேட்டுச்சு. "அது என்ன பிராணி?"ன்னுச்சு ஒரு செந்நாய். படுத்தா காதுல ஒரு அட்டை, மூக்குல ஒரு அட்டை. விடியிற வரைக்கும் 'ஹச்! ஹச்!'னு தும்முனதுல ஒருத்தருக்கும் தூக்கம் இல்லை. ரெண்டும் போச்சு.

அப்புறம் விடிஞ்சதும் வேட்டை. ஒரு பெரிய கடமான். எட்டு பேரும் துரத்துறாங்க, தடதடதடதட! மைனரும் நல்லாத்தான் ஓடுச்சு. மான் ஓடைக்குள்ள தொப்புனு குதிச்சுது. மைனரும் குதிச்சுது. குதிச்சு?

"மானைப் பிடிச்சுதா?"

இல்லை. கண்ணை மூடிக்கிட்டு அப்படியே நின்னுடுச்சு.

"ஏன்?"

தண்ணிக்குள்ள இறங்கினா சோப்புப் போடுவாங்கல்ல, அதுக்குக் காத்துக்கிட்டு நின்னுச்சு!

மத்த ஏழும் எப்படியோ மானைப் பிடிச்சுக் கரைக்கு இழுத்துட்டு வந்துதுங்க. மைனரும் கரையேறி, குளிச்சு முடிச்ச நாய் வழக்கமா செய்யற மாதிரி செம்மண்ணுல புரண்டு புரண்டு எழுந்துச்சு. உடம்பெல்லாம் சிவப்பு. ரிப்பன்கூடத் தெரியலை.

கிழவி பெருமூச்சு விட்டுச்சு. "மூணும் போச்சு மைனரு. கிளம்பு. உன் வீட்டுல சோறு வெச்சிருப்பாங்க."

மைனர் வாலை மடக்கிக்கிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரும்புச்சு. அப்போ...

'டப் டப்!'

மேல காக்கா. கீழ யாரு? ஆண்டியப்பனும் ராசாமணியும், கையில கூடையோட! செந்நாய் ஏழும் விலுக்குன்னு புதருக்குள்ள போயிடுச்சுங்க. ஆனா மைனருக்கு டப் டப்னா என்ன?

"சோறு!"

ஆமா! லொங்கு லொங்கு லொங்குன்னு நேரா அவங்க மேலயே பாய்ஞ்சு வருது.

"ஐயையோ ராசாமணி! கைதட்டினா ஓடாத செந்நாய்டீ! கிறுக்குப் புடிச்சிருக்கு!"

ஆண்டியப்பன் கூடையை வீசிட்டு விறுவிறுன்னு மரத்துல ஏறிட்டான். பொண்டாட்டியைக் கீழயே விட்டுட்டு! ராசாமணி பின்னாலயே நகர்றா. ஒரு செருப்பு எங்கயோ, ஒரு செருப்பு எங்கயோ. கண்ணை இறுக்கி மூடிட்டா. கடிக்கலை. மெதுவா ஒரு கண்ணைத் திறந்தா. அது முன்னாடி உக்காந்து வாலை டப்பு டப்புன்னு தரையில அடிக்குது.

"ஏய்... மைனரா?"

அந்த நேரம் புதருக்குள்ள இருந்து கிழவி விசில் அடிச்சுது. 'உய்ய்ய்...' மைனரால முதல் தடவையா ஒரு முழு மானும் செந்நாய்ங்களுக்கே மிஞ்சியிருக்கு இல்லையா? அதான் கூப்பிடுது.

மைனர் ராசாமணியைப் பார்த்துச்சு. புதரைப் பார்த்துச்சு. அவ கையை ஒரு தடவை நக்குச்சு. அப்புறம் வாயைத் திறந்துச்சு. 'புஸ்' வரலை. 'வள்' வரலை.

"பின்ன?"

'உய்ய்ய்ய்ய்!' போயே போச்சு.

வீட்டுக்குத் திரும்பற வழியில ஆண்டியப்பன் ஆரம்பிச்சான். "நீதானேடி காட்டுக்குப் போன்னு சொன்ன?"

"சொன்னா போயிடுறதா? உங்களைத்தான் தினமும் போகச் சொல்றேன். போனீங்களா?"

அப்புறம் தினமும் சோறு ஆனதும், அவ காட்டைப் பார்த்து டப் டப்னு தட்டுவா. ஒண்ணும் வராது. 'உய்ய்'னு மட்டும் எங்கயோ கேக்கும்.

அப்புறம் ஒரு நாள் காலையில கதவைத் திறந்தா... வாசல் கொடியில காயப்போட்டிருந்த ஸ்வெட்டரைக் காணோம். வாசப்படியில ஒரு மான் கால்.

"மைனர் சம்பாதிச்சதா?"

ஆமா. ராசாமணி அதைக் கையில வெச்சுக்கிட்டு அழறா, சிரிக்கிறா, ஆண்டியப்பனைத் திட்டுறா, எல்லாம் ஒண்ணாவே. அவன் சொல்றான், "பார்த்தியாடி! நாம விட்டுட்டு வர்ற மாதிரியே, கணக்கா விட்டுட்டுப் போயிருக்கான்."

அவ்வளவுதான். கதை காடேறிடுச்சு, ஸ்வெட்டர் மேல படுத்துடுச்சு, நீயும் போர்த்திக்கிட்டுப் படு.

"மானுக்கு நாலு காலு இருக்குமே?"

மூணு காட்டுல. மிச்சம் ஒண்ணு இங்க.