வாலில் கட்டிய கோரை

கருவேலங்காட்டுக்கு நடுவே ஓர் ஏரி இருந்தது. மழைக்காலத்தில் கரை தளும்பும். பங்குனி பிறந்தால் தண்ணீர் சுருங்கி, நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சும். அந்தக் குட்டையைச் சுற்றியிருந்த ஈர வண்டலில் காட்டு மிருகங்கள் எல்லாம் சேர்ந்து வெள்ளரி போட்டிருந்தன.

மிருகங்களுக்கு என்ன விவசாயம் என்று சிரிக்க வேண்டாம். நம்மில் பல பேரைவிட ஒழுங்காகவே செய்தன. காட்டுப்பன்றி மாடக்கண்ணு மூக்காலேயே நிலத்தைக் கிளறிப் போட்டுவிடுவான். காக்கை வெள்ளச்சி குழிக்குக் குழி விதை போடுவாள். பெயர்தான் வெள்ளச்சி, ஆள் அட்டக்கரி. முயல் பூவாயி களை எடுப்பாள். எடுத்ததை அங்கேயே தின்றுவிடுவதால் அள்ளிக் கொட்டும் வேலையும் மிச்சம். ஆமை அய்யாக்கண்ணு காவல். திருடன் வந்தால் அவரால் துரத்த முடியாது. ஆனால் உட்காரவைத்துச் சட்டம் பேசுவார். அந்தப் பேச்சைக் கேட்கப் பயந்தே திருடர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை.

உரத்துக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. காலையில் அவரவர் வந்து, அவரவர் பங்கைக் கொடியடியில் வைத்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவார்கள். இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது.

நரி சிங்காரத்துக்கு மட்டும் இருந்தது.

"சீச்சீ! நாலு பேர் பார்க்கிற இடத்திலயா? நான் மானம் மரியாதை உள்ளவன். எனக்குப் புதர் மறைவுதான் சரி!" என்பான்.

"சரி, வேற என்ன வேலைதான் செய்வே?" என்று மாடக்கண்ணு கேட்டான்.

"மேற்பார்வை!" என்றான் சிங்காரம்.

அதாவது, கரைமேட்டு நிழலில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, மற்றவர்கள் குனிந்து நிமிர்வதை வேடிக்கை பார்ப்பது. தொலைந்து போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அங்கேதான் வம்பு தொடங்கியது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பசித்தவர்கள் பிஞ்சும் காயும் பறித்துத் தின்னலாம். ஆனால் நல்ல கொடியில் இறங்கிய கொழுத்த காய் ஒன்றைத் தேர்ந்து, அதன் காம்பில் கோரைப்புல்லால் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். கோரை கட்டினால் அது விதைக்காய். உயிரே போனாலும் அதைத் தொடக்கூடாது. அது கொடியிலேயே பழுத்து, மணம் வீசி, தானே வெடிக்கும். விதையை எடுத்துச் சாம்பலில் புரட்டி, வெயிலில் காயவைத்து, புற்றுக்குள் பத்திரப்படுத்துவார்கள்.

இந்த வழக்கத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டவள் பூவாயி. காரணம் இருந்தது. இரண்டு கோடைக்கு முன்னால் எல்லோரும் நாக்கை அடக்க முடியாமல் விதைக்காயையும் சேர்த்து மென்று தின்றுவிட்டார்கள். அடுத்த கோடையில் போட விதை இல்லை. பச்சையாக ஒரு வாய் கிடைக்காமல் பூவாயியின் கடைக்குட்டி சுருண்டு விழுந்துவிட்டது. அது பிழைத்தது மறுபிறப்பு. அதற்குப் பிறகு வெள்ளச்சி எங்கெங்கோ பறந்து, ஒரு வாய் விதை பொறுக்கிக்கொண்டு வந்தாள். இந்த வருஷத்துப் பாத்தி அத்தனையும் அந்த ஒரு வாய் விதையில் முளைத்ததுதான். இதுவும் போனால் இனி எங்கே போய்த் தேடுவது?

சித்திரை வெயில் ஏறியது. ஒருநாள் மாடக்கண்ணு ஒரு விதைக்காய்க்கு முன்னால் நின்றான். காய் பழமாகிக்கொண்டிருந்தது. வாசனை ஆளைத் தூக்கியது. அவன் வாயில் எச்சில் ஒழுகியது. கோரை முடிச்சைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். திரும்பிப் போய்விட்டான்.

மேட்டில் படுத்திருந்த சிங்காரம் இதைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தான்.

"அடேயப்பா! இவ்வளவு பெரிய பன்னியை ஒரு புல்லு தடுத்து நிறுத்திடுச்சே! வேலி வேண்டாம், காவல் வேண்டாம். கோரையைக் கட்டினா ஒரு பயலும் தொடமாட்டான் போலிருக்கே! அப்ப நான் கட்டினா?"

மறுநாள் விடியுமுன் எழுந்தான். பிறந்ததிலிருந்து அவ்வளவு சீக்கிரம் எழுந்ததில்லை, பாவம். வயலில் இருந்த பிஞ்சு, காய் ஒன்று விடாமல் கோரை கட்டினான். இடுப்பு ஒடிந்துவிட்டது. அவன் அந்த வயலில் செய்த ஒரே வேலை அதுதான்.

காலையில் பசியோடு வந்தவர்கள் திகைத்து நின்றார்கள்.

"என்ன இது? கண்ட இடமெல்லாம் கோரை!" என்று கத்தினாள் வெள்ளச்சி.

"யாரு கட்டினது?" என்று கேட்டாள் பூவாயி.

சிங்காரம் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தான்.

"யாரு கட்டினா என்ன தங்கச்சி? கட்டினா கட்டினதுதான்! விதை விஷயத்தில கேள்வி கேட்கலாமா? இன்னைக்கு நாம வயித்தைக் கட்டினா, அடுத்த வருஷம் பத்து ஏரிக்கு விதை கிடைக்கும். நம்ம பிள்ளைங்க வாழ வேண்டாமா?" என்றான். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மாடக்கண்ணுவுக்கு நெஞ்சு உருகிவிட்டது. அய்யாக்கண்ணு கழுத்தை நீட்டித் தீர்ப்புச் சொன்னார்.

"சிங்காரம் சொல்றது சட்டம்தான். கோரை கட்டியிருந்தா தொடக்கூடாது. யாரு கட்டினாங்கன்னு கேட்கவும் கூடாது."

அன்றிலிருந்து எல்லோரும் காய்ந்த கருவேல நெற்றை மென்றார்கள். உச்சி வெயிலில் நிழல் தேடிப் படுத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துச் சிங்காரம் வயலுக்குள் இறங்கினான். நறுக், நறுக் என்று பிஞ்சாகக் கடித்தான். கோரையைக் காதில் சொருகிக்கொண்டான். அவ்வளவு சொகுசு!

"என்ன அண்ணே, காய் குறையுதே?" என்று பூவாயி கேட்டாள்.

"வெயிலுக்குச் சுருங்கியிருக்கும் தங்கச்சி."

"காம்போடவா சுருங்கும்?"

"காம்பு மட்டும் இரும்பா? அதுவும் சுருங்கத்தான் செய்யும்!"

பூவாயிக்கு மனசு ஆறவில்லை. கடைக்குட்டிக்கு உதடு மறுபடி வெடிக்கத் தொடங்கியிருந்தது. அது குட்டையோரத்துச் சேற்றை நக்குவதைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் கோரை கட்டிய காயில் அவள் பல் படவில்லை.

சிங்காரத்தின் நாக்கு பிஞ்சோடு நிற்குமா? ஒருநாள் மத்தியானம் உண்மையான விதைக்காய்கள் அத்தனையும் பழுத்து வெடித்தன. வாசனை வயலைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஒன்றே ஒன்று என்று ஆரம்பித்தான். கடைசிப் பழத்தையும் வழித்து நக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தான். வயிறு உப்பிவிட்டது. மேடு ஏற முடியவில்லை. பாத்தியிலேயே மல்லாந்து படுத்து, குறட்டை விட ஆரம்பித்தான்.

பூவாயிக்கு நிழலில் இருப்புக்கொள்ளவில்லை. விதைக்காயை ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம் என்று வந்தாள். பார்த்தாள். தோல் கிடந்தது. கோரை கிடந்தது. நடுவே சிங்காரம் கிடந்தான். மீசையில் ஒரு வெள்ளரி விதை ஒட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. 'பாவி! என் பிள்ளை வாய்ல மண்ணைப் போட்டுட்டியே!' என்று எட்டி உதைக்கக் காலைத் தூக்கினாள். அப்போது அந்த உப்பிய வயிறு கண்ணில் பட்டது. தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தாள். ஒரு கோரையை எடுத்து அவன் வாலில் கட்டினாள். இரட்டை முடிச்சு! பிறகுதான் வாய் திறந்து எல்லோரையும் கூப்பிட்டாள்.

சிங்காரம் அலறிப் புடைத்து எழுந்தான். சுற்றிலும் கூட்டம்.

"திருடன் வந்தான்! நான்தான் துரத்தினேன்! துரத்தின களைப்புல கொஞ்சம் படுத்தேன்!" என்றான்.

"இருக்கட்டும் அண்ணே. உங்க வால்ல கோரை கட்டியிருக்கே," என்றாள் பூவாயி.

"எவன்டா கட்டினது?"

"யாரு கட்டினா என்ன அண்ணே? கட்டினா கட்டினதுதான். நீங்கதானே சொன்னீங்க!"

அய்யாக்கண்ணு வந்து சேர்ந்தார். மற்றவர்கள் வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. வாலைப் பார்த்தார். தோல்களைப் பார்த்தார். மீசையில் ஒட்டிய விதையைப் பார்த்தார்.

"விதை எங்கே?"

"இதோ, இவர் வயித்துக்குள்ள," என்றாள் பூவாயி.

"உள்ளே விதை இருக்கு. வெளியே கோரை இருக்கு. அப்ப இது விதைக்காய்தான்," என்றார் ஆமை.

"யோவ் மாமா! நான் நரிய்யா!"

"விதைக்காய் பேசக்கூடாது."

மாடக்கண்ணு சிங்காரத்துக்கு முன்னால் சட்டமாக உட்கார்ந்துகொண்டான். "இனி கொடியை விட்டு நகரக்கூடாதுல்ல? அப்புறம் எப்ப வெடிக்கும்?" என்று கேட்டான்.

"வெடிக்கிறதா?" என்று சிங்காரம் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

"வெடிக்க வேண்டாம் அண்ணே. வேற வழி இருக்கு. நாங்க எல்லாரும் தினம் காலையில செய்யறதுதான்," என்றாள் பூவாயி.

சிங்காரத்துக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் செத்துவிட்டது.

"இங்கேயா? நாலு பேர் பார்க்கவா?"

"நாலு பேர் என்ன? காட்டுக்கே சொல்லிட்டு வந்துடறேன்!" என்று வெள்ளச்சி அப்போதே பறந்துவிட்டாள்.

குட்டையோரத்தில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. மாடக்கண்ணு வரிசையாகக் குழி தோண்டினான். மான் வந்தது, மயில் வந்தது, முள்ளம்பன்றி குடும்பத்தோடு வந்தது. சிங்காரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு முழுக்க அசையவே இல்லை. மறுநாள் காலையிலும் அடக்கிக்கொண்டான். மானஸ்தன் அல்லவா!

"பசிக்குதா அண்ணே?" என்று பூவாயி பரிவாகக் கேட்டாள். சரக்கொன்றைக் காயை உடைத்து நீட்டினாள். உள்ளே சதை கறுப்பாக, இனிப்பாக இருந்தது. சிங்காரம் காய் முழுவதையும் நக்கித் தீர்த்தான். மரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவைத்திருந்தால் நக்கியிருக்கமாட்டான். கொன்றைச் சதை வயிற்றுக்குள் போனால் எப்பேர்ப்பட்ட மானத்தையும் பார்க்காது.

கொஞ்ச நேரத்தில் கடமுடா என்று சத்தம் கேட்டது.

"மழை வருதா?" என்று மயில் தோகையை விரித்தது.

"மழையில்ல. சிங்காரம் வயிறு!" என்றான் மாடக்கண்ணு.

"ஐயோ! குழி எங்கே? குழி எங்கே?" என்று துள்ளினான் சிங்காரம்.

"பொறு, பொறு! குழியோட ஆழம் சரியா இருக்கான்னு நான் வந்து பார்த்துத்தான் உத்தரவு கொடுக்கணும்," என்று அய்யாக்கண்ணு மேட்டிலிருந்து இறங்க ஆரம்பித்தார். ஒரு காலை வைத்தார். யோசித்தார். அடுத்த காலை வைத்தார்.

"மாமா! சீக்கிரம் வாங்க மாமா! உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!"

உத்தரவு கிடைத்தது. "முதல் குழி ஆச்சு! அடுத்த குழி!" என்று வெள்ளச்சி மேலே நின்று கத்தினாள். குழிக்குக் குழி குந்தி, எழுந்து, ஓடி, மறுபடி குந்தி, சிங்காரம் ஒரு பாத்தி முழுக்க நட்டு முடித்தான். பூவாயி பின்னாலேயே வந்து மண்ணைத் தள்ளி மூடினாள். காடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பூவாயி மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு குழியையும் மூடும்போது, 'முளைச்சிடு சாமி, முளைச்சிடு' என்று முணுமுணுத்தாள்.

வயலில் மிச்சம் இருந்த பிஞ்சுகளின் கோரையை அவிழ்த்துப் பங்கிட்டார்கள். முதல் பிஞ்சு கடைக்குட்டிக்குப் போனது. அது கடித்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் பூவாயிக்கு மூச்சு வந்தது.

குழியெல்லாம் முளைத்தது. விதையோடு உரமும் சேர்ந்தே விழுந்திருந்ததால் கொடி தளதளவென்று ஓடியது. அந்தக் காட்டில் அதற்கு முன்னால் அப்படிக் காய்த்ததே இல்லை. நல்ல காயாகப் பார்த்துப் பூவாயி கோரை கட்டினாள். அது பழுத்து வெடித்தது. விதை சாம்பலில் புரண்டு புற்றுக்குள் போய்ச் சேர்ந்தது. அந்த ரகத்துக்கே எல்லோரும் சிங்காரம் வெள்ளரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சிங்காரம் வெட்கப்பட்டுக் கொஞ்ச நாள் தலைகாட்டவில்லை. ஒருநாள் பசி பொறுக்காமல் மெதுவாக வந்து நின்றான்.

"தங்கச்சி, ஒரு பிஞ்சு..."

பூவாயி நல்லதாக ஒன்று பறித்துக் கொடுத்தாள்.

"வயிறாரத் தின்னுங்க அண்ணே. ஆனா நாளைக்குக் காலையில வந்துடணும்."

மறுநாள் விடிந்தது. எல்லோரோடும் வரிசையில், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கொடியடிக்கு வந்து நின்றான் சிங்காரம்.

நாளைக்கென்று எல்லோரும் வாயைக் கட்டி ஒதுக்கிய விதையைத் தின்றவன், அதை ஊர் பார்க்கத் திருப்பிக் கொடுத்தே தீரவேண்டும்.