குல்லா போட்ட பெட்டி

மூங்கிலடி ஊரில் அறிவுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. பயிரிட்டால்தானே பஞ்சம் வரும். அந்த ஊரில் வடிவாம்பாளின் புருஷன் செங்கோடனும் கொழுந்தன் மருதப்பனும் சேர்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் இன்டர்நெட் பெட்டி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்தார்கள்.

ஒருநாள் போலீஸ்காரம்மா வந்து ஊரைக் கூட்டிப் பேசினார். "அந்தப் பெட்டிக்குக் காது இருக்கு. வீட்டுல பேசுறது எங்கெங்கேயோ போகும். வேண்டாத நேரத்துல காதை மூடி வையுங்க. நகை விஷயம் அது முன்னாடி பேசாதீங்க."

வடிவாம்பாள் கூட்டத்தின் நடுவிலேயே எழுந்துவிட்டாள். மகளின் நிச்சயதார்த்தச் சங்கிலி அரிசி டிரம்மில் இருப்பதைப் பெட்டிக்கு முன்னால்தான் பேசியிருந்தார்கள். நாளை மறுநாள் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள்.

வீட்டுக்கு ஓடினாள். புருஷனின் மங்கி குல்லாவைப் பெட்டிக்கு மாட்டிக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். ஒயரைப் பிடுங்கலாம் என்று தோன்றவில்லை. தோன்றினால் அது வேறு ஊர்.

அப்புறம் சங்கிலியை எடுத்துக் குல்லாவின் மடிப்பிலேயே வைத்துத் தைத்தாள். காதுதானே இருக்கிறது, தலைமேல் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? பெட்டி கேட்டுவிடுமே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் டீக்கடையில் அண்ணனும் தம்பியும் கூடி யோசித்தார்கள்.

"குல்லா போட்டும் பதில் சொல்லுதுண்ணே. மழை வருமான்னேன். வரும்னுச்சு."

"கெணத்துல போட்டுருவோம். உன் அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு."

"வீட்டுல சொன்னா அது கேட்டுட்டு ஓடிப்போயிரும்."

"பெட்டிக்குக் கால் ஏதுடா?"

"காது இருக்குன்னு மட்டும் நமக்கு முன்னாடி தெரிஞ்சுதா?"

செங்கோடன் டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்தான்.

வடிவாம்பாள் கடைக்குப் போன நேரத்தில் பெட்டியைத் தூக்கிப்போய்ப் பாழுங்கிணற்றில் போட்டார்கள். தண்ணீர் குளிருமே என்று மருதப்பன் குல்லாவைக் கழற்ற விடவில்லை.

திரும்பி வந்தவள் விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவிகளா, சங்கிலி அந்தக் குல்லாவுலதான் இருந்துச்சு."

மூவரும் கிணற்றடிக்கு ஓடினார்கள். உள்ளே ஒரே இருட்டு.

"எந்த இடத்துல கெடக்குன்னு அதையே கேளுங்க அண்ணி. கூடவேதான விழுந்துச்சு" என்றான் மருதப்பன்.

வடிவாம்பாள் குனிந்து, "சங்கிலி எங்கே?" என்று கத்தினாள்.

"எங்கே... எங்கே..." என்று கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.



"நம்மளையே கேக்குது பாவம்" என்றாள் வடிவாம்பாள். "அது எதையும் ஒட்டுக் கேக்கவே இல்ல. அநியாயமா சந்தேகப்பட்டுட்டோம்."

அன்று மாலையே புதுப் பெட்டி ஒன்று வாங்கிவந்தார்கள். மிச்ச நகை எந்த டிரம்மில் இருக்கிறது என்பதை முதல் வேலையாக அதனிடம் சத்தமாகச் சொல்லிவைத்தார்கள், நாளைக்கு யாராவது மறந்துபோனால் கேட்டுக்கொள்ளலாம் என்று.