பாறைமேல் நாலு கால்

காட்டுக்கு நடுவே ஒரு குளம். அதன் கரையில் ஒரு பாறை. வாரம் ஒருநாள் காலையில் பறவைகளும் விலங்குகளும் அங்கே கூடிச் சபை நடத்தும்.

சபைக்கு ஒரு மரியாதை உண்டு. பேச விரும்புகிறவர் பாறைமேல் ஏறி, ஒற்றைக் காலில் நின்றுதான் பேச வேண்டும். பேசி முடிக்கும்வரை இன்னொரு கால் பாறையில் படக் கூடாது. பட்டால் பேச்சு செல்லாது. பேசாமல் இறங்கிவிட வேண்டும்.

இந்த வழக்கத்தை யார் கொண்டுவந்தது என்று எவருக்கும் தெரியாது. கொக்குகள்தான் அந்தக் குளத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

சபைத் தலைவர் நெடுமூக்கர் என்ற வெள்ளைக் கொக்கு. பொல்லாதவர் இல்லை. ஆனால் அவர் ஒரு காலை மடக்கி, கழுத்தை லேசாக வளைத்து, கண்ணை மூடிப் பேசத் தொடங்கினால் காடே வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்.

அந்த வருடம் கோடை கொளுத்தியது. குளம் பாதிக்கு மேல் வற்றிவிட்டது. நெடுமூக்கர் பாறைமேல் ஏறினார்.

"பெருமக்களே! நம் குளம் கலங்கிக் கிடக்கிறது. குனிந்தால் முகம்கூடத் தெரிவதில்லை. எனவே சேற்றில் புரளும் வழக்கமுள்ளவர்கள் நாளை முதல் குளத்தில் இறங்கக் கூடாது என்று ஒரு சட்டம் செய்வோம். தெளிந்த நீரே பண்பட்ட வாழ்வின் அடையாளம்!"

"ஆகா! ஆகா!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

எல்லாரையும்விட ஓங்கிக் குளம்பைத் தட்டியது யார் தெரியுமா? எருமை வீரணன்! பகலெல்லாம் சேற்றில் கிடப்பவன். சட்டம் வந்தால் முதலில் வெளியே போக வேண்டியவன்!

அவனுக்குப் பக்கத்தில் காட்டுப்பன்றி கருப்பாயி நின்றிருந்தாள். அவளுக்கு ஏழு குட்டிகள். பிறந்து பத்தே நாள். பன்றிக்கு வியர்க்காது. மேலெல்லாம் சேறு பூசிக்கொண்டால்தான் வெயிலைத் தாங்கும். அடுத்த குளமோ இரண்டு நாள் நடை. குட்டிகள் அவ்வளவு தூரம் உயிரோடு போய்ச் சேராது.

"வீரணண்ணே! உன்னையும் சேத்துத்தானே வெரட்டுறாங்க? நீயே தட்டுறியே!" என்றாள்.

"அட போம்மா! எவ்வளவு அழகாப் பேசினாரு பாத்தியா? கால் கொஞ்சமாச்சும் ஆடுச்சா? அவரு சொன்னா யோசிச்சுத்தான் சொல்லியிருப்பாரு."

"நாளைக்கு மத்தியான வெயில்ல நீ எங்க போய்க் கெடப்ப?"

"அது எனக்கென்ன தெரியும்? சட்டமெல்லாம் பெரியவங்க சமாச்சாரம். நமக்கு ஒத்தக் கால்ல நிக்கவே வரல. நாம போயி என்னத்தப் பேச?"

வீரணன் முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். மூக்கைத் தூக்கி ஒருமுறை மோந்து பார்த்தாலே மழை எப்போது வரும் என்று சொல்லிவிடுவான். அந்தப் பாறையைப் பார்க்கும்போது மட்டும் அவன் அறிவு எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும்.

இவர்கள் பேச்சில் தாவண்ணன் என்ற குரங்கு மூக்கை நுழைத்தான். தாவண்ணனுக்கு இரண்டு காலில் நிற்க வரும். ஒற்றைக் காலில் மூன்று நொடி தாங்குவான். அந்த மூன்று நொடிக்காக விடியற்காலையில் எழுந்து பழகுகிறவன். நாலு கால்காரர்களோடு நின்று பேசுவதையே குறைத்துக்கொண்டிருந்தான்.

"முயற்சி வேணும் கருப்பாயி! நான் கத்துக்கல? எந்நேரமும் நாலு காலையும் ஊணிக்கிட்டு நின்னா எப்பிடி முன்னேறுறது?"

"கத்துக்கிட்டு இதுவரைக்கும் பாறையில என்ன பேசின?"

தாவண்ணன் தலையைச் சொறிந்தான். 'பெருமக்களே' என்பதைத் தாண்டி அவன் ஒருநாளும் போனதில்லை.

கருப்பாயி குட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். நெடுமூக்கர் இறங்கியிருந்த பாறைமேல் விறுவிறுவென்று ஏறினாள். முன்னங்கால் இரண்டையும் தூக்கினாள். பின்னங்கால் ஒன்றை மடக்கினாள். தொப்பென்று விழுந்தாள்!

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பறவைகளாவது வாயை மூடிக்கொண்டு சிரித்தன. முயலும் மானும் வீரணனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் கருப்பாயிக்கு அதிகம் வலித்தது.

நானாக இருந்தால் இறங்கி ஓடியிருப்பேன். கருப்பாயி ஓடவில்லை. மெல்ல எழுந்தாள். நாலு காலையும் அழுத்தமாக ஊன்றி நின்றாள். அவள் நின்ற அந்த நிமிர்வை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

"இப்பிடியேதான் பேசப்போறேன்!" என்றாள்.

"கருப்பாயி! சபை மரியாதை தெரியாதவர்களுக்குச் சபையின் பொறுப்பும் தெரியாது. இறங்கு!" என்றார் நெடுமூக்கர்.

"எறங்குறேன் ஐயா. ரெண்டு மூணு கேள்வி கேட்டுட்டு எறங்கிடுறேன். ஒத்தக் கால்ல நிக்க உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

நெடுமூக்கர் யோசித்தார். "யாரும் சொல்லித் தரவில்லை. எங்களுக்கு அது பிறவியிலேயே..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அதான் ஐயா! உங்க குஞ்சுக கூட்ட விட்டு எறங்குன உடனே நின்னுடுது. எம்புள்ளைகளுக்கு அது வராது. வராதுங்கிறதுக்காக அதுகளுக்கு வெயில் சுடாமப் போயிடுமா? சரி, இன்னிக்கிக் காலையில நீங்க எங்க எர தேடுனீங்க?"

"குளத்தின் நடுவில். வீரணன் புரண்ட இடத்தில்."

"ஏன் அங்க?"

"அவன் கலக்கும்போதுதான் மீனும் பூச்சியும் மேலே வரும்" என்றார் நெடுமூக்கர். குரல் சற்று இறங்கியிருந்தது.

"வடக்கு ஓரத்துல தண்ணி கண்ணாடி மாதிரி தெளிஞ்சு கெடந்துச்சே, நாங்க யாரும் கால வைக்காத எடம். இப்ப அங்க என்ன இருக்கு? தரை வெடிச்சுக் கெடக்கு! நடுவுல மட்டும் எப்பிடித் தண்ணி நிக்குது? நாங்க வருசக்கணக்கா பொரண்டு பொரண்டு ஆழமாக்குன பள்ளம் ஐயா அது! எங்கள வெரட்டிட்டா பள்ளம் தூந்துடும், அடுத்த கோடைக்கு நீங்க குடிக்கிறதுக்கும் தண்ணி இருக்காது!"

எல்லாரும் குளத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சொன்னது கண்ணெதிரே கிடந்தது.

நெடுமூக்கர் ஒரு காலை மடக்கிக்கொண்டார். "நாலு காலில் நின்று சொன்னது செல்லாது. வழக்கம் வழக்கம்தான். சட்டம் வேண்டும் என்பவர்கள் எனக்குப் பின்னால் வாருங்கள். வேண்டாம் என்பவர்கள் கருப்பாயிக்குப் பின்னால் போங்கள்."

ஒருவரும் அசையவில்லை. கருப்பாயிக்குப் பின்னால் ஏழு குட்டிகள் மட்டும் முண்டியடித்துக்கொண்டு நின்றன.

அப்போது வீரணன் நடந்தான். நெடுமூக்கரைத் தாண்டி நடந்தான். பாறைமேல் ஏறினான்.

"எனக்குப் பேச வராது. அந்தப் பள்ளத்துல என் முதுகும் தேஞ்சிருக்கு. என்னைய வெரட்டுற பேச்சுக்கு நானே இத்தன நாளா குளம்பு தட்டியிருக்கேன். வெக்கமா இருக்கு. தங்கச்சி சொல்றதுதான் நெசம்!"

அவ்வளவுதான் பேசினான். அது போதும். மான் வந்தது. முயல் வந்தது. முள்ளம்பன்றி வந்தது, கீரி வந்தது. நாலு கால்காரர்கள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் சேர்ந்து நின்றது அன்றுதான். எதிர்ப்பக்கத்தைவிடத் தாங்கள் நாலு மடங்கு இருப்பதை அவர்களே அன்றுதான் பார்த்தார்கள்! இளங்கொக்குகள் சிலவும் பறந்து வந்து வீரணன் முதுகில் உட்கார்ந்தன.

தாவண்ணன் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் கருப்பாயி பக்கம் வந்து, யாரும் கவனிக்காதபோது இரண்டு கையையும் தரையில் ஊன்றிப் பார்த்தான். முதுகுக்குச் சுகமாகத்தான் இருந்தது.

சட்டம் தோற்றது. நெடுமூக்கர் மடக்கிய காலைக் கீழே ஊன்றினார். பிறகு, "சபை முடிவு எனக்கும் முடிவு. அடுத்த வாரம் முதல் அவரவர் நிற்கிறபடி நின்று பேசலாம்" என்று அறிவித்தார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! அதற்காக அவரையும் பாராட்டத்தான் வேண்டும்.

கருப்பாயி எதற்கும் நிற்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஏழு குட்டிகளையும் ஓட்டிக்கொண்டு போய்ப் பள்ளத்துச் சேற்றில் இறக்கினாள்.

அழகாகப் பேசத் தெரிந்தவரே அறிவாளி என்று நம்பி, தனக்கு எதிரான தீர்ப்புக்குத் தானே கைதட்டுகிறவர், தன் வாயைத் திறக்கும் நாளில்தான் தன் பலத்தை அறிவார்.