நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஒரு வலது காலும்

வால்பாறைப் பக்கம் எஸ்டேட் முதலாளி ராமபத்திரனுக்கு அடுத்தவன் வலியெல்லாம் நடிப்பு. அவருடைய ஜீப்புக்கு டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி, டிரைவர் செபஸ்தியானின் வலது பாதம் நசுங்கிவிட்டது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு இழப்பீட்டுச் சம்பளம் கேட்டு அவன் மனு போட்டான். விசாரிக்கத் தொழிலாளர் அதிகாரி பங்களாவுக்கே வந்துவிட்டார்.

“கால் ஆறி ஒரு மாசமாச்சு சார். நொண்டி நாடகம் போடுறான். இன்னிக்கே வண்டி ஓட்டலாம்!” என்று அடித்துப் பேசினார் முதலாளி.

செபஸ்தியான் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கும்பிட்டான்.

“முதலாளி சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். சாயந்திரம் பொள்ளாச்சியில அவருக்கு ஒரு கல்யாணம் இருக்கு. நானே கூட்டிட்டுப் போறேன். நாப்பது கொண்டை ஊசி வளைவுதானே! பிரேக்கை மட்டும் இந்தக் காலாலதான் மிதிக்கணும்.”

நொண்டி நொண்டிப் போய் ஜீப்பில் ஏறி முடுக்கினான். அதிகாரி முதலாளிக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். “ஏறுங்க சார்.”

முதலாளி ஜீப்பைப் பார்த்தார். பக்கத்திலிருந்த பள்ளத்தைப் பார்த்தார்.

“பொள்ளாச்சி பஸ் எத்தனை மணிக்கு?”

அதிகாரி அங்கேயே உத்தரவை எழுதினார்: ‘இவன் ஓட்டும் வண்டியில் முதலாளி ஏறும் நாள்வரை இழப்பீடு தரவேண்டும்.’

“மூணரைக்குங்க முதலாளி,” என்றான் செபஸ்தியான். “தைரியமாப் போங்க, அந்த டிரைவருக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு.”